ஒரே கிரேக்கச் சொல், ஒரே கப்பலுக்குள்ள மூண்டு தமிழ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில ஆன்மீகப் பக்கத்துக் கட்டுரைய வாசிச்சன். புதிய ஏற்பாட்டில ஆத்துமாவுக்குக் கிரேக்கத்தில 'ப்சூக்கே' எண்டு இருக்கு, அதுக்கு அழியாத ஒண்டு எண்ட ஒரே அர்த்தம்தான் எண்டு அடிச்சுச் சொல்லியிருந்தார் எழுதினவர். சொல் சரி, ஒரே அர்த்தம் எண்டதுதான் எனக்கு இடிக்குது. நான் பைபிள் கொலிஜ் போன ஆளில்ல, ரிட்டயர் ஆன டீச்சர், ஆனா இப்ப போனில வசனத்த அமத்தினா அடியில என்ன கிரேக்கச் சொல் கிடக்கு எண்டு காட்டுற ஆப் எல்லாம் வந்திட்டுதே.

அப்போஸ்தலர் 27ம் அதிகாரத்த எடுங்கோ. இயேசுவைப் பிரசங்கிச்ச பவுலை ரோமுக்குக் கொண்டுபோற கப்பல் புயலில மாட்டுற கதை (வாடைக்காத்துக்கு வள்ளத்த மேல இழுத்துப்போட்டிட்டுக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிற எங்கட திருக்கடலூர் ஆக்களுக்கு அத விளக்கத் தேவையில்ல). 10ம் வசனத்தில நம்முடைய 'ஜீவனுக்கும்' சேதம் வரும் எண்டு பவுல் சொல்றார், 22ல ஒருத்தனுக்கும் 'பிராணச்சேதம்' வராது எண்டிறார், 37ல கப்பலில 276 'பேர்' இருந்தம் எண்டு கணக்கு வருது. பழைய தமிழ் பைபிளில ஜீவன், பிராணன், பேர் எண்டு மூண்டு சொல், கிரேக்கத்தில மூண்டுக்கும் இதே ப்சூக்கேதான். மொழிபெயர்த்தவை கெட்டிக்காரர் எண்டுதான் சொல்லுவன், 276 ஆத்துமா எண்டு போட்டிருந்தா எங்கட சனம் பேய்க்கப்பல் எண்டெல்லோ நினைச்சிருக்கும்.

இன்னும் கேளுங்கோ, வெளிப்படுத்தல் 8:9ல கடலில செத்துப்போற சிருஷ்டிகளுக்கும் ப்சூக்கே இருந்தது எண்டுதான் கிரேக்கம் சொல்லுது. இத என்ட தம்பிக்கு வாசிச்சுக் காட்டேக்க அவன் முத்தத்தில பாரைமீன் வெட்டிக்கொண்டு இருந்தவன், கத்திய வச்சிட்டு 'அப்ப இதுக்கும் இருந்ததோ அக்கா' எண்டு கேட்டான், செவுள் அப்பவும் மெல்லத் துடிச்சுக்கொண்டுதான் கிடந்தது.

எனக்கு விளங்கின மட்டில சிக்கல் எங்கட ஆத்துமா எண்ட சொல்லிலதான். பக்கத்து வீட்டுச் சைவ அன்ரியிட்ட கேட்டா ஆன்மா அநாதி, ஆரும் படைக்கேல்ல எண்டுவா, அது சைவ சித்தாந்தம், அவவுக்குச் சரி. ஆனா பைபிளின்ட முதல் புத்தகம் ஆதியாகமம் 2:7ல கடவுள் மண்ணில உருவாக்கி மூக்கில ஊத மனுஷன் ஜீவாத்துமா 'ஆனான்' எண்டுதான் இருக்கு, உள்ளுக்க ஒண்டக் குடுத்ததா இல்ல. அந்தப் புத்தகத்தின்ட மூல மொழி எபிரேயம், அதில அந்த இடத்தில 'நெபேஷ்', பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில அதுக்குப் போட்டது ப்சூக்கே. எபிரேயத்தில அதே நெபேஷை முதலாம் அதிகாரத்திலயே கடலில நீந்துற உயிர்களுக்கும் சொல்லியிருக்கு.

அதுக்காக ப்சூக்கே எண்டா வெறும் மூச்சு எண்டு நான் சொல்ல வரேல்ல. மத்தேயு 10:28ல சரீரத்தக் கொல்லுறவனால ஆத்துமாவக் கொல்ல ஏலாது எண்டு தெளிவா இருக்கு, கட்டுரையிலயும் இந்த வசனத்தத்தான் போட்டிருந்தார், ஆனா பாதியோட நிப்பாட்டிட்டார். மிச்சப் பாதியில 'ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்' எண்டு வருது. அந்த அழிவு இல்லாமப் போறதில்ல, பாழாப் போறது எண்டு விளக்கம் சொல்றவையும் இருக்கினம், தெரியும். அழியாத ஒண்டு எண்ட அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கெண்டா இந்த மிச்சப் பாதிய எப்பிடி வாசிக்கிறது எண்டு அவர எழுதச் சொல்லுங்கோ, இந்த முறை வசனத்த முழுசாப் போட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை