73 மில்லிவிநாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லி நான்தான் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கிறது. தம்பி வேலை மாறியதை அவனே உனக்குச் சொல்லியிருப்பான். சித்தப்பா விவகாரம் இன்னும் இழுபறியில்தான் கிடக்கிறது. அதையெல்லாம் கடிதத்தில் எழுதுவதற்கில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

தொலைபேசியில் எப்போது கேட்டாலும் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா" என்கிறாய். முன்பு நான் ஒரு வார்த்தை கேட்டால் நீ அரை மணி நேரம் ஜிஆர்எஸ் 1915 என்ற உன் கருந்துளையைப் பற்றிப் பேசுவாய். இப்போது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று முடித்துவிடுகிறாய். எது ஓடுகிறது, கணினியா, நீயா?

கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் போன வாரம் மறுபடியும் திறந்து பார்த்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வு கொஞ்சம் மாறியிருக்கிறது போலிருக்கிறது. இப்படிப்பட்ட பட்டியல்கள் கடைசி நாள் வரை மாறிக்கொண்டேதான் இருக்கும். அது எனக்குத் தெரியாதா? அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் தூங்குகிறாயா? அதை மட்டும் சொல்.

நீ முதலாம் ஆண்டில் அனுப்பிய ஒளிர்வு வரைபடம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. இதயத் துடிப்பு போன்றது என்று உங்கள் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ரோ வகை வரைபடம். எக்ஸ் கதிர் எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது, பிறகு வேகம் பிடிக்கிறது, உச்சியில் கூர்மையாக ஒரு முனை, அதை ஒட்டியே இன்னொரு சிறு முனை, அப்புறம் சட்டென்று சரிகிறது. நேற்றும் அளவுகோலை வைத்து முனைக்கு முனை அளந்து பார்த்தேன். ஐம்பது விநாடியை ஒட்டி வருகிறது. ஆனால் எந்த இரண்டு இடைவெளியும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றாக இல்லை. ஒன்று கொஞ்சம் முந்துகிறது, அடுத்தது பிந்துகிறது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டின் உள்பகுதி நிரம்பி, சூடேறி, கதிர்வீச்சின் அழுத்தத்திலேயே தன்னைக் காலி செய்துகொண்டு, திரும்பவும் நிரம்புகிறது என்று நீ விளக்கினாய். சூரியனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நிறையுள்ள ஒன்றின் வாசலில் நடப்பதை, அளவுகோலும் மூக்குக்கண்ணாடியுமாக நான் இங்கே அளக்கிறேன். அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

1992-இல் கிரனாட் செயற்கைக்கோள் கண்டுபிடித்த நாளிலிருந்து இருபத்தாறு வருடம் பிரகாசமாகவே இருந்த பொருள் அது. நீ ஆராய்ச்சியில் சேர்ந்த சமயம் பார்த்து, 2018-இல் மங்கத் தொடங்கியது. உன் அதிர்ஷ்டம் அப்படி. நீ அதற்காக முணுமுணுத்ததுகூட இல்லை. பழைய ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோளின் தரவுக் குவியலையும் நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அந்தப் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்தது என்று அத்தையிடம்கூடச் சொன்னேன். அவள் இப்போதும் கேட்கிறாள், "உன் மகள் எந்த மட்டில் இருக்கிறாள்?" என்று. வேலை நடக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேறென்ன சொல்வது? நீ எனக்கு ஏதாவது சொன்னால்தானே?

சரி, அதை விடு. நான் எழுத நினைத்தது வேறு. இந்த மாதம் முழுவதும் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலத்தின் பழைய கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாதது எதுவும் அதில் இருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

1970 டிசம்பரில் கென்யாக் கடற்கரையோர மேடையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் போனது. எக்ஸ் கதிர் வானத்துக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள். மறு வருடமே ஓடா என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் சிக்னஸ் எக்ஸ்-1 துடிக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 73 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு என்பதற்கு அடையாளம் தெரிகிறது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நண்டு நெபுலாவின் நடுவே 33 மில்லிவிநாடித் துடிப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதே உஹுரு, அதே வருடம், சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற இன்னொரு மூலம் 4.8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதையும் கண்டது. அது நிலைத்தது, இன்றும் நிற்கிறது. எல்லோரும் துடிப்பைத் தேடிய காலத்தில் இவர்களுக்கும் ஒரு துடிப்பு கிடைத்தது. ஓடா சாதாரண ஆளும் இல்லை. எக்ஸ் கதிர் மூலங்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வழி செய்த கருவியை யோசித்தவர்.

அந்த 73 நிலைக்கவில்லை. அடுத்தடுத்த அளவீடுகளில் அந்த ஒழுங்கு கரைந்துவிட்டது. 1972-இல் டெரல் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: எந்த ஒழுங்கும் இல்லாமல், கூரைமேல் மழைத்துளி விழுவதுபோலத் தற்செயலாகச் சிறுசிறு வெடிப்புகள் வந்து விழுந்தாலே போதும், குறுகிய தரவில் துடிப்பு போல ஒன்று தெரியும் என்று. இன்று நீங்கள் சிவப்பு இரைச்சல் என்கிறீர்களே, அதுதான். மூன்று நான்கு சுற்று அழகாக அலைபோல வரும். ஐந்தாவது சுற்றில் காலை வாரிவிடும்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. 73 பொய்யாகப் போனாலும், அந்த மினுக்கம் பொய்யாகவில்லை. 73 மில்லிவிநாடியில் ஒளி சுமார் 22,000 கிலோமீட்டர்தான் போகும். அவ்வளவு சீக்கிரம் ஒளி கூடிக் குறைகிறது என்றால், அது இரண்டு பூமியைப் பக்கத்தில் வைத்தால் அடங்கிவிடும் இடத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த வாதத்துக்கு ஒழுங்கான துடிப்பு தேவையே இல்லை. துணை விண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதை வெப்ஸ்டரும் மர்டினும் ஒரு பக்கம், போல்டன் ஒரு பக்கம் அளந்தபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள், துடிக்கும் வகையான நியூட்ரான் விண்மீனாக இருக்க முடியாத அளவுக்குக் கனமானது என்றும் தெரிந்தது. துடிக்காமல் இருந்ததே பின்னால் கருந்துளைக்குப் பொருத்தமாகிவிட்டது. துடிப்பதற்கு ஒரு தரை வேண்டுமே, கருந்துளைக்கு ஏது தரை?

டெரலின் கணக்கும் கடைசி வார்த்தையாக இருக்கவில்லை. 2001-இல் அட்லியும் மெக்ஹார்டியும் சிக்னஸ் எக்ஸ்-1 பிரகாசமாக இருக்கும்போது அதன் மினுக்கமும் அதற்கேற்ப நேர்கோடாகக் கூடுகிறது என்று காட்டினார்கள். வெடிப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்து விழுந்தால் அப்படி வராது. வட்டின் வெளிப்புறத்தில் மெதுவாக எழும் ஏற்ற இறக்கம் உள்ளே போகப்போக, அங்கே இருக்கும் வேகமான ஏற்ற இறக்கத்தைப் பெருக்கிவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். முப்பது வருட இடைவெளியில் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓடாவின் கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

பொதுவாகவே இன்னொன்றும் சொல்கிறேன். ஒருவர் திறன் நிறமாலையில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் படத்தில், ஒரு முகட்டைப் பார்க்கிறார், அதற்குச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார், வீட்டுக்கும் அனுப்புகிறார். பிறகு இன்னும் நிறையத் தரவு சேர்த்துச் சராசரி எடுத்ததும் அந்த முகடு அடங்கிப் போகிறது. அப்படிப்பட்டவர் கருத்தரங்கில் பேசவிருந்த தன் தலைப்பைத் தானே எடுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரே நீண்ட தரவை அப்படியே அதிர்வெண்களாக உருமாற்றினால், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வரும் திறன் தன் சராசரி அளவுக்கே ஆட்டம் போடும், தரவை எவ்வளவு நீட்டினாலும் அந்த ஆட்டம் குறையாது, துண்டு துண்டாக வெட்டிச் சராசரி எடுத்தால்தான் அடங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஆயிரம் இடத்தில் தேடினால் மூன்று சிக்மா முகடு, அதாவது இரைச்சலைவிட நன்றாக உயர்ந்து தெரிவது, ஒன்றிரண்டு தற்செயலாகவே எழும் என்பதும் நீ சொன்னதுதான். சொல்லிக்கொடுத்தவளுக்கே நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகடு இல்லை என்றால், இல்லை என்பதற்கு ஒரு மேல் வரம்பு போடலாமே? இத்தனை சதவீதத்துக்கு மேல் அலைவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதுவதும் ஒரு முடிவுதானே? உன் வழிகாட்டி இதைச் சொல்லாமலா இருப்பார்? சொல்லியிருப்பார். நீதான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாய். தலைப்பை எடுக்கலாம், தப்பில்லை. தலைப்போடு சேர்த்து ஆளும் காணாமல் போவானேன்?

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. பதினொன்றாம் வகுப்பில் ஊசல் ஆய்வுக்கு வகுப்பு முழுவதும் 9.8 என்று எழுதிக் கொடுத்தபோது நீ மட்டும் 9.4 என்று எழுதினாய். பக்கத்தில் எழுதுபவளை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அது சரிதான், நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்தாய். ஆனால் மறுநாள் காலையில் நீயே வந்து அந்தக் குண்டின் ஆரத்தைக் கூட்டிப் போட்டுக் காட்டினாய். அந்த நோட்டின் அந்தப் பக்கத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். உனக்கு இது தெரியாது. தெரிந்தால் தலையில் ஏறிவிடும் என்று சொல்லவில்லை. 9.4 வந்தால் 9.4 என்று எழுதுகிறவள் நீ. இப்போது மட்டும் எங்கே போய்விடப் போகிறாய்?

சரி, வழக்கமானவை. தரவுக்கு இன்னொரு பிரதி எடுத்து வை, ஆய்வகக் கணினியில் மட்டும் வைத்திராதே. அதிகாலை வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. ஆஸ்ட்ரோசாட் தொண்ணூற்றெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, பூமி குறுக்கே வரும் நேரத்தில் உன் கருந்துளையை அதுவே பார்ப்பதில்லை. பிரதி எடுத்து வை என்று சொன்னேன் இல்லையா? தூங்கு. அப்பாவும் அதையேதான் சொல்கிறார், நீ கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உன்னிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. அட்லி கட்டுரைப் படத்தில் பிரகாசத்துக்கு எதிராக மினுக்கத்தைக் குறித்தால் நேர்கோடு வருகிறது. ஆனால் அந்தக் கோடு மூலையில் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பவில்லை, பிரகாச அச்சில் கொஞ்சம் தள்ளித்தான் கிளம்புகிறது. அப்படியென்றால் ஆடாமல் அசையாமல் ஒரு பகுதி ஒளி தனியாக வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமா? அல்லது எல்லாமே ஆடுகிறது, குறிக்கும் விதத்தில்தான் அப்படி வருகிறதா? நான் இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. வேறு எதையும் எழுத வேண்டாம், இதற்குப் பதில் எழுது. படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கருத்தரங்குக்குப் பார்வையாளராகவாவது போவாய்தானே? விமான டிக்கெட் ஏற்கெனவே எடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான்.