லைனிங் துணிக்கும் ஒரு வரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் மேற்கத்திய பாப், ராக் பாடகர்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பேப்பரில் பீ ஜீஸ் என்கிற அண்ணன் தம்பி மூவர் குழுவின் போட்டோ பார்த்ததே எனக்குச் சந்தோஷம். வெட்டியெடுத்துத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். ஆனாலும் ஒரு மனக்குறை. மைக் முன்னால் நடுவில் நின்றவர்கள் பேரெல்லாம் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பாடியவர்களை மொத்தமாக ‘கோரஸ்’ என்று கட்டி ஓரமாக வைத்துவிட்டீர்கள்.

கோரஸ் வேறு, ஹார்மனி வேறு. எங்கள் வியாசர்பாடிப் பக்கம் கானாவில் பாடகர் ஒரு வரி எடுத்துக்கொடுப்பார், சுற்றி இருக்கும் பையன்கள் அதே வரியை அதே சுருதியில் வாங்கிப் பாடுவார்கள். அது கோரஸ். அதற்கு ஒரு தனி கெத்து உண்டு, குறை சொல்லவில்லை. ஹார்மனியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு சுரத்தில். ஒருத்தர் பாடுவது ட்யூன். இன்னொருத்தர் பாடுவதைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது.

நான் அந்த இன்னொருத்தி. 1979 முதல் பெரம்பூரில் ஒரு சர்ச் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். பிழைப்புக்கு ரவிக்கை தைக்கிறேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குப் படும். ரவிக்கைக்கு உள்ளே லைனிங் துணி எப்படியோ, பாட்டுக்கு ஆல்டோ அப்படி. யாரும் அதைப் பார்த்துப் பாராட்டுவதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் மேல்துணி நிற்காது. சில கீர்த்தனைகளில் மேல்குரலான சொப்ரானோ மாடிப்படி ஏறி இறங்கும். நாங்கள் ஒரு வரி முழுக்க ஒரே சுரத்தில் நிற்போம். வீட்டில் பழகும்போது அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார்: “என்னடி, நின்ன எடத்துலயே நிக்குற? பாட்டு மறந்துபோச்சா?”

இந்தக் காது எனக்கு வந்தது சர்ச்சில் இல்லை, மாடிவீட்டு ஆன்ட்டியிடம். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அங்கிளுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. லண்டனிலிருந்த சொந்தக்காரர் யாரோ அனுப்பிய பீட்டில்ஸ் குழுவின் எல்.பி. இசைத்தட்டு ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது, அவர்களின் முதல் ஆல்பம். ரெக்கார்டு பிளேயருக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, அதில் இடது பக்கம் செத்துப்போயிருந்தது. ரிப்பேர் செய்ய அங்கிளுக்கு நேரமே வரவில்லை. நல்லவேளை. அந்தக் கால ஸ்டீரியோவில் வாத்தியத்தையெல்லாம் ஒரு பக்கமும் குரல்களை மறு பக்கமுமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு வலது பெட்டி மட்டும்தான். டிரம்மும் கிடாரும் அடுத்த தெருவில் வாசிப்பது போல லேசாகக் கசியும், குரல்கள் மட்டும் பச்சையாக வந்து நிற்கும்.

அந்த ஆல்பத்தின் 14 பாட்டில் 10 பாட்டை ஒரே நாளில், 1963 பிப்ரவரி 11 அன்று, பாடி முடித்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டில் ஜான் லெனன் படிப்படியாகக் கீழே இறங்குகிறார். பால் மெக்கார்ட்னி மேலே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். நின்ன இடத்திலேயே! அன்றைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், உலகத்திலேயே பெரிய பாட்டுக்காரனும் இப்படித்தான் பாடுகிறான் என்று. “அவனுக்கும் மறந்துபோச்சா?” என்றார்.

அந்த உத்தியை பீட்டில்ஸ் எடுத்தது எவர்லி சகோதரர்களிடமிருந்து, 1960-இல் வந்த ‘கேத்தீஸ் க்ளவுன்’ பாட்டைக் கேட்டு. அமெரிக்காக்காரர்கள், அண்ணன் டான், தம்பி ஃபில். பெரும்பாலும் டான் கீழே ட்யூனைப் பாட, ஃபில் காந்தார தூரத்தில், அதாவது ‘ஸ’வுக்கும் ‘க’வுக்கும் உள்ள இடைவெளியில், மேலே ஒட்டிக்கொண்டே போவார். இரண்டு குரலுக்கும் நடுவே ஊசி நுழையாது. 1973-இல் மேடையிலேயே சண்டை போட்டு, ஃபில் கிடாரை உடைத்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு பத்து வருடம் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில்தான் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பத்து வருடமும் இருவரும் தனித்தனியே பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்தச் சத்தம் யாரிடமும் இல்லை. உங்கள் கட்டுரையில் ஃபில் பெயர் இல்லை.

கூடப் பிறந்தவர்கள் பாடினால் ஏன் அப்படி ஒட்டுகிறது? தொண்டையும் வாயும் ஒரே வார்ப்பு, ‘ஆ’வும் ‘ஓ’வும் ஒரே மாதிரி திறக்கின்றன. அது பாதி. மீதி, சுருதி. ‘ஸ’ என்கிற சட்ஜம் 4 முறை அதிரும் நேரத்தில் பெரிய ‘க’வான அந்தர காந்தாரம் 5 முறை அதிர்ந்தால் இரண்டும் கரைந்துவிடும். தம்புராவை நன்றாகச் சேர்த்தால் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாகக் கேட்கும் என்று கச்சேரிக்காரர்கள் சொல்வார்கள், அது இதே காந்தாரம்தான். கீபோர்டில் உள்ள காந்தாரம் அதுவல்ல. கட்டைக்குக் கட்டை உள்ள அரைச்சுர தூரத்தை 100 பங்கு போட்டால், கீபோர்டு காந்தாரம் 14 பங்கு மேலே நிற்கிறது; இப்படிச் சுருதி ஏறி நிற்பதைத்தான் ‘ஷார்ப்’ என்போம். எந்தச் சுருதியிலும் வாசிக்க வசதியாகச் சமமாகப் பிரித்துக்கொண்டதன் விலை அது. எங்கள் பழைய கொயர் மாஸ்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்ததா என்று கேட்டதில்லை. ஆனால் பிராக்டிஸ் பாதியில் ஆர்கனை மூடிவிட்டு, “இப்போ பாடுங்க” என்பார். இரண்டாவது வரிக்குள் நாங்களே லேசாக இறங்கி உட்கார்ந்திருப்போம். அப்போது ஜன்னல் கண்ணாடி ரீங்கரிக்கும். இன்றைக்கு அதே கொயரில் கீபோர்டில் டிராக் போட்டு எல்லாரும் ட்யூனையே பாடுகிறோம். இது வேறு வருத்தம், விடுங்கள்.

பீ ஜீஸுக்கு வருகிறேன், படம் போட்டது நீங்கள்தானே. பேரி கிப்பின் பொய்க்குரல், அதாவது அந்த மெல்லிய உச்சக்குரல் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சரிதான், 1977-இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வந்தபோது பெரம்பூர் டிசம்பர் டான்ஸ்களில் அந்தக் குரலுக்கு ஆடாத கால் இல்லை. ஆனால் மோரிஸ்? பேரிக்கும் ராபினுக்கும் நடுவில் நின்று இருவரையும் சேர்த்துத் தைத்தவர் அவர். ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ கேட்கும்போது ஒரு முறை ட்யூனை விட்டுவிட்டு நடுக்குரலை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 2003 ஜனவரியில் மோரிஸ் இறந்தார். மற்ற இரண்டு பேரும் குழுவின் பெயரை மடித்து வைத்துவிட்டார்கள். பிரபலமான குரல் இரண்டும் அப்போது மிச்சமிருந்தும் குழு இல்லாமல் போனது.

குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்ஸடி’ பாட்டைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். அது ஃப்ரெடி மெர்குரி ஒருவர் குரல் இல்லை. பிரையன் மே, ராஜர் டெய்லர் இருவரும் உண்டு; அந்த உச்சிக்குரல் டிரம்மர் டெய்லருடையது. மூன்றே பேர் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கடுக்காகப் பதிந்ததில், 1975-இல், டேப்பின் பூச்சு தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது என்பார்கள். ஒரே துணியில் அத்தனை தையல் ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு எல்லாருக்கும் மேலே பீச் பாய்ஸ் என்கிற அமெரிக்கக் குழுதான். அவர்களுக்கு ஹார்மனி அமைத்த பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்காது. ஸ்டீரியோ அவருக்குக் கிடையாது. 1966-இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை, பக்கம் பிரிக்காமல் எல்லாச் சத்தமும் ஒன்றாக வரும் மோனோவில்தான் முடித்துக் கொடுத்தார். அதில் ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டில் குரல்கள் மூன்றே பேருடையவை. முடிவில் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிச் சுற்றிக்கொண்டே மறைகிறார்கள், யாரிடம் ட்யூன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. ஒரு பெட்டி செத்த ஸ்பீக்கரில் பாட்டுக் கற்றவளுக்கு அவர் மேல் தனிப் பாசம் இருக்காதா? 2025 ஜூனில் அவர் இறந்த செய்தி வந்த அன்று ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், நமக்குக் காது பழகாது என்று உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வருகிறது. அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் இளைஞர்களைத் திரட்டி, சேர்ந்திசை என்று பெயர் சொல்லி, பாரதியைப் பல குரலில் பாட வைத்தார். 1985-இல் ‘பகல் நிலவு’ படத்தில் ‘பூமாலையே தோள் சேர வா’ பாட்டில் இளையராஜாவும் ஜானகியும் வெவ்வேறு வரியை ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடுகிறார்கள். ஷேர் ஆட்டோவில் அது ஓடினால் யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. பெரம்பூரில் ரயில் ஹாரனே இரண்டு சுருதியில்தான் ஊதுகிறது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் இரண்டாம் குரல் பாடியவர் பெயரையும் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை.

ஆன்ட்டி இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். வீடியோ காலில் சேர்ந்து பாடிப் பார்த்தோம்; அவர் குரல் அரை நொடி தாமதமாக வந்து சேர்கிறது, ஹார்மனிக்கு ஆகாது. அதனால் அவர் ட்யூனை மட்டும் பாடி அனுப்புவார். அதை மகன் போனில் ஓடவிட்டு, கூடவே ஆல்டோ பாடி, என் போனில் பதிந்து திருப்பி அனுப்புவேன். உங்கள் கட்டுரை வந்த அன்று ஒன்று அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “ஷார்ப்பா போறே, மேன். கீபோர்டு கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போயிட்டே.”

இப்படிக்கு,
ஓர் ஆல்டோ,
பெரம்பூர், சென்னை – 11.

(பெயர் போட வேண்டாம். எங்கள் கொயரிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)