பெசான்சோனில் கேமரா செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சின் பெசான்சோன் நகரில் பிக்ஸி கேமராக்களை உருவாக்கிவரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் பாரிஸில் வசிக்கும் தமிழன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்துக் கையால் ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் படம் எடுத்துவருகிறேன். இம்மடலின் பிரெஞ்சு வடிவம் தனியே உங்களுக்கு அஞ்சலில் வரும். தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் கேமராவை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதும், அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலில் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்பதும்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாளை உங்கள் நிறுவனம் இல்லாமல் போனாலோ வேறொருவர் கைக்கு மாறினாலோ, இன்று நீங்கள் விற்ற கேமராக்களின் கதி என்ன என்பதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கைபேசிச் செயலியும் கேமராவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையையும், கேமராவை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருளையும், ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்யும் வழிமுறையையும் அன்றைய தினம் பொதுவில் வைத்துவிடுவோம் என்று உறுதி கொடுங்கள். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் கடையின் வாசலில் நின்றுகொண்டு "கடையை மூடினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது அபசகுனம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பல ஆயிரம் யூரோ கொடுத்து வாங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் போகிற கேள்வி இதுதான்.

உங்கள் வேலையின் அருமை தெரிந்துதான் கேட்கிறேன். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்றாலே லைக்கா என்று ஆகிவிட்ட காலத்தில், 2018-இல் உங்கள் முதல் கேமராவை அறிவித்தீர்கள். பின்புறத் திரை கிடையாது. மெமரி கார்டு செருக இடம் கிடையாது. படங்கள் உள் நினைவகத்தில் பதிந்து அங்கிருந்து கைபேசிக்குப் போகும். 2021-இல் 26 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சாரும், 2024-இல் 'பிக்ஸி மேக்ஸ்' என்ற பெயரில் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவே உள்ள 24.5 மெகாபிக்சல் முழுச் சட்டக சென்சாரும் வந்தன. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது, முந்தைய கேமரா வைத்திருந்தவர்கள் அதையே அனுப்பி உள்ளுறுப்புகளைப் புதியதாக மாற்றிக்கொள்ள நீங்கள் வழி செய்ததுதான். பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்கு என்பதே டிஜிட்டல் கேமராத் தொழிலின் தாரக மந்திரமாக இருக்கும்போது, உடலை வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றீர்கள். நான் கேட்கும் உறுதிமொழி அதன் அடுத்த படிதான்.

ரேஞ்ச்ஃபைண்டரின் உள்ளே நடப்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லென்ஸைத் திருகும்போது அதன் பின்புறம் முன்னும் பின்னும் நகர்கிறது. கேமராவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு உருளை அதைத் தொட்டு உணர்ந்து, ஒரு நெம்புகோல் வழியாக உள்ளே உள்ள கண்ணாடியைச் சற்றே திருப்புகிறது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் நடுவில் இரண்டாகத் தெரிந்த உருவம் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஃபோகஸ் அமைகிறது. கேமரா ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் போதும், இரண்டு உருவங்களும் பக்கவாட்டில் சேர்ந்தும் மேலும் கீழுமாக விலகி நிற்கும். என் பழைய ஃபிலிம் கேமராவுக்கு அப்படி நேர்ந்தபோது, பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், தொலைவில் தெரிந்த தேவாலயக் கோபுரத்தின் சிலுவையைப் பார்த்தபடியே ஒரு சிறு திருகை மயிரிழை அளவு திருப்பினார். கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரமாக நின்ற மங்கிய உருவம் மெல்ல இறங்கி அதற்குள் ஒடுங்கியது. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கேமராவைச் செய்தவர்கள் இன்று இல்லை. எந்தத் திருகு எதற்கு என்பது மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

டிஜிட்டல் கேமராக்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. இந்த வகையில் முதலாவதாக 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1 எவ்வளவு அழகான பொருள் என்பதை நீங்களும் அறிவீர்கள்: டிஜிட்டலாக இருந்தும் ஃபிலிம் கேமராவைப் போல ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலை இழுத்துவிட வேண்டும், மேல்தட்டில் கைக்கடிகாரம் போன்ற முள்கள் பேட்டரியின் நிலையையும் மீதமுள்ள படங்களின் எண்ணிக்கையையும் காட்டும். எப்சன் அந்தத் தொழிலை விட்டுவிட்டது. இன்றும் அதை நேசித்து வைத்திருப்பவர்கள் பழுதான இன்னொன்றை வாங்கி, அதன் உறுப்பைக் கழற்றித்தான் தங்கள் கேமராவை ஓட்ட வேண்டியிருக்கிறது. லைக்காவோ பெரிய பெயர். 2009-இல் வந்த அதன் எம்9 கேமராவில் கோடாக் சென்சாரின் மேலிருந்த கண்ணாடி அரித்தபோது, அந்நிறுவனம் பல ஆண்டுகள் சென்சார்களை மாற்றிக் கொடுத்தது. ஆனாலும் மாற்றுவதற்கான சென்சார்களே ஒரு கட்டத்தில் தீர்ந்துபோயின. 1954-இன் எம்3 கேமராவை இன்றும் பிரித்துப் பூட்டிவிடலாம். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் பிறந்த எம்9-க்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

உங்கள் கேமராவில் இதற்கும் மேலாக ஒரு சிக்கல் இருக்கிறது. எடுத்த படத்தைப் பார்க்கக் கைபேசியை நம்பியிருக்கிறீர்கள். கைபேசியோ ஆண்டுக்கொரு முறை தன் இயங்குதளத்தை மாற்றிக்கொள்ளும். அந்தந்த முறையும் செயலியைத் திருத்தித் தர யாராவது ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கேமராவின் படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் ஒரு சிறு கருவியை வாங்கினேன். அதைச் செய்தவர்கள் தொழிலை நிறுத்தினார்கள்; அடுத்த இயங்குதளப் புதுப்பிப்பில் அதன் செயலி திறக்க மறுத்தது. கருவியின் பச்சை விளக்கு இன்றும் எரிகிறது, அதனோடு பேசத்தான் எதனாலும் முடிவதில்லை. இதே நிலை ஒரு ரேஞ்ச்ஃபைண்டருக்கு வந்தால், துல்லியமான ஒளியியலும் கடைந்தெடுத்த உலோக உடலும் முழு நலத்தோடு இருக்க, மென்பொருள் ஒன்றினால் மட்டும் அது காகிதம் அழுத்தும் கல்லாகிவிடும்.

இதை நீங்கள் இருக்கும் ஊரைவிட நன்றாக உணரக்கூடிய ஊர் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. சென்ற ஆண்டு பெசான்சோனுக்கு வந்து, செயின்ட் ஜான் பேராலயத்தின் வானியல் கடிகாரத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். 1860-இல் முடிக்கப்பட்ட அதில் 30,000-க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கின்றன. தேய்ந்த பல்சக்கரத்தை இன்றைய கைவினைஞர் ஒருவர் பார்த்து அளந்து புதிதாக வெட்டிவிட முடியும் என்பதால்தான் அது இன்னும் ஓடுகிறது. இதே ஊரின் லிப் கடிகார நிறுவனம் 1973-இல் நெருக்கடிக்கு உள்ளானபோது, அதன் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றித் தாங்களே கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தங்களுக்குத் தாங்களே சம்பளமும் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களால் அது முடிந்ததற்கு, வேலை செய்யும் அறிவு அவர்கள் விரல்களிலேயே இருந்ததும் ஒரு காரணம். பூட்டிய மென்பொருள் குறியீட்டுக்குள் இருக்கும் அறிவை எந்த விரலாலும் எடுக்க முடியாது.

இதற்கு உங்கள் தரப்பு பதில் எனக்குத் தெரியும்: சின்ன நிறுவனத்திடம் இருக்கும் ஒரே சொத்து அதன் குறியீடுதான், அதைத் திறந்துவிட்டால் நாளையே மலிவுப் பதிப்பு ஒன்று சந்தைக்கு வந்துவிடும். நியாயமான அச்சம்தான். நான் இன்றே திறக்கச் சொல்லவில்லை. உரிய ஆவணங்களையும் குறியீட்டையும் ஒரு நோட்டரியிடம் முத்திரையிட்டு ஒப்படைத்து, இன்னின்ன நிபந்தனை நிகழ்ந்தால் அதைத் திறக்கலாம் என்று எழுதி வையுங்கள். சென்சார் தயாரிப்பவரோடும் செயலி வடிவமைப்பவரோடும் உள்ள ஒப்பந்தங்கள் சில பகுதிகளை வெளியிட இடம் தராமல் போகலாம். அப்படியானால் எவை வெளிவரும், எவை வராது என்பதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் சரிசெய்யும் குறிப்புக்கு மட்டும் எந்த ஒப்பந்தமும் தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். அதை ஏன் இப்போதே வெளியிடக்கூடாது?

சட்டம் வந்து கட்டாயப்படுத்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பழுதுபார்க்கும் உரிமை குறித்த 2024-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை சலவை இயந்திரங்களையும் கைபேசிகளையும் பட்டியலிட்டது, கேமராக்களை விட்டுவிட்டது. ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் தரும், பிரான்ஸ் 2021-இல் கொண்டுவந்த பழுதுநீக்கக் குறியீட்டெண்ணிலும் புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடம் இருந்தது, கேமராவுக்கு இல்லை.

என் மேசையில் இப்போது சோவியத் காலத்து ஜூபிட்டர்-8 லென்ஸ் ஒன்று இருக்கிறது. 50 மில்லிமீட்டர், அதற்கென ஒரு மாற்று வளையமும் வைத்திருக்கிறேன். பிக்ஸி மேக்ஸில் அதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை ஓராண்டாக இருக்கிறது. உங்கள் பதில் வரும் வரை வாங்காமல் பொறுத்திருக்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் அதைத் தமிழில் எழுதி, என்னைக் கேட்ட நண்பர்களுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
பாரிஸிலிருந்து ஒரு படப்பிடிப்பாளன்