கழிமுகத்தாரின் பக்கத்தை மாற்றி எழுதுங்கள்: எங்கள் டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிஎம் அண்ணன்களுக்கும் அக்காவுக்கும், வணக்கம்.

நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) மேஜையில் டிஎம்களாக, அதாவது கதையை நடத்துபவர்களாக, நீங்கள் நடத்தும் அடுத்த கேம்பெயின் (பல நாள் தொடரும் ஆட்டக் கதை) எண்ணூர் கழிமுகம் மாதிரியான ஓர் ஊரில் நடக்கப்போகிறது என்று கேட்டதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை நாளும் பனிமலையிலும் கோட்டையிலுமே ஆடிவந்தோம். இப்போது முகத்துவாரமும் அலையாத்திக் காடும் உப்பளமும் சாம்பல் மேடும் வரைபடத்தில் இருக்கின்றன. அதை வரைந்தவருக்கு முதலில் என் நன்றி.

ஆனால் அந்த ஊரில் வாழ்வதாக நீங்கள் உருவாக்கியிருக்கும் ‘கழிமுகத்தார்’ என்ற புது கேரக்டர் இனத்தின் விதிப் பக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. வலிமை +2, உடல்திறன் +1, அறிவு −2. மிரட்டல் திறமை பிறப்பிலேயே உண்டு. எதிரியைக் கண்டால், தன் முறையில் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் பாய்ந்து போகலாம். விஷத்துக்கு எதிர்ப்பு. பொது மொழியைக் கொச்சையாகத்தான் பேசுவார்கள். விஷத்தையும் மொழியையும் எடுத்துவிட்டால், இது 2016ல் வந்த டி&டி துணைநூலில் இருந்த ஆர்க் என்ற முரட்டு இனம்தான். பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

அந்த ஆர்க்கின் அறிவுக் கழித்தலை வெளியிட்டவர்களே 2020ல் திருத்தி நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த விருப்ப விதிப்படி, எந்த இனத்தின் கூட்டல் புள்ளியையும் ஆடுபவர் தன் விருப்பம் போல வேறு திறனுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2024 பதிப்பில் அந்தப் புள்ளிகள் இனத்தை விட்டே போய், கேரக்டர் எப்படி வளர்ந்தார், என்ன வேலை செய்தார் என்ற பின்னணியோடு சேர்ந்துவிட்டன. அவர்களே வேண்டாம் என்று விட்டதை, நம் ஊர் சாயலில் எழுதும் இனத்துக்கு நாம் ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

இரண்டு புள்ளி என்றால் மாடிஃபையரில் (டைஸ் எண்ணோடு கூட்டும் எண்) ஒன்றுதானே குறையும், இருபது முக டைஸில் 5 சதவீதம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கழிமுகத்தார் விசார்டாக (அறிவை நம்பும் மந்திரவாதி) ஆட ஆசைப்படும் ஒரு பிள்ளையின் ஷீட்டைப் பாருங்கள். கையில் இருக்கும் பெரிய எண் 15 என்று வைத்துக்கொள்வோம். அறிவு +2 உள்ள நோம் இனத்தை எடுத்தவருக்கு அது 17 ஆகி +3 கிடைக்கும். கழிமுகத்தாருக்கு 13 ஆகி +1தான். ஒவ்வொரு மந்திரத் தாக்குதலிலும், எதிரி அந்த மந்திரத்துக்கு எதிராகப் போடும் ஒவ்வொரு ரோலிலும் அந்த வித்தியாசம் தெரியும். ‘இது உனக்கு ஒத்து வராது, ஃபைட்டர் எடு’ என்று முதல் நாளே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். வட சென்னைப் பிள்ளைகள் பள்ளியிலும் வேலை கேட்டுப் போகும் இடத்திலும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். விளையாட்டிலும் கேட்க வேண்டுமா?

புதுவண்ணாரப்பேட்டையில் இருந்து போய், 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார் காசிமா. ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும், அடுத்த காய் எங்கே போய் நிற்கும் என்று தெருமுனைக் கேரம் போர்டில் பிள்ளைகள் கணக்குப் போடும் ஊர் இது. விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலத்துக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். மீன் குவியலுக்கு முன் நிற்கும் அம்மா ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையில் விலையை முடிவு செய்துவிட்டு, எதிரில் நிற்பவர் எவ்வளவு வரை போவார் என்பதையும் அவர் முகத்திலேயே படித்துவிடுவார். இதை எந்தத் திறனில் சேர்ப்பீர்கள்? வலிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாக்ஸிங்கும் எங்கள் ஊர்ச் சொத்துதான். +2, +1 இரண்டையும் எங்கே வைப்பது என்பதை ஆடுபவரிடம் விட்டுவிடுங்கள், போதும். மிரட்டலுக்குப் பதிலாக, பிறர் மனதை அறிவது, பேசி இணங்க வைப்பது, மிரட்டுவது மூன்றில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்தது விஷ எதிர்ப்பு. என்னை அதிகம் புண்படுத்தியது இதுதான். ‘ஆலைகளுக்கு நடுவில் வாழ்ந்து பழகியதால்’ என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். குள்ளர் இனத்துக்கு அந்தத் திறன் இருப்பதில் தவறில்லை, அது கற்பனை உடம்பு. ஆனால் நீங்கள் காட்டும் காரணம் கற்பனை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகும் வலையும் கறுத்தன, நாரைகளின் இறகில் எண்ணெய் ஒட்டியது. மீன் பிடிக்கப் போக வேண்டியவர்கள் பக்கெட்டில் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு ராத்திரி அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். யாருக்கும் உடம்பு பழகிவிடவில்லை. பழகிவிடும் என்று சொல்வது, விஷத்தை விட்டவர்களுக்கு வசதியான பேச்சு. அது நம் ரூல் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அந்த வாழ்க்கையில் வருவது எச்சரிக்கை. இன்றைக்குக் காற்றில் என்ன வாடை, தண்ணீர் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர்கள் அங்கே இருப்பவர்கள்தான். அதனால் எதிர்ப்பை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்: காற்றிலோ தண்ணீரிலோ நஞ்சு இருந்தால் கண்டறியும் ரோலுக்கு அட்வான்டேஜ். கண்டறிந்து குரல் கொடுத்தால், கேட்கும் தூரத்தில் இருக்கும் தோழர்களுக்கும் அந்த நஞ்சுக்கு எதிரான முதல் சேவிங் த்ரோவில் (பாதிப்பைத் தவிர்க்கப் போடும் ரோல்) அட்வான்டேஜ். அட்வான்டேஜ் என்று இருபது முக டைஸை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கும்போது சராசரி 10.5-லிருந்து கிட்டத்தட்ட 13.8 ஆகிறது. நல்ல உதவிதான், ஆனால் ஆட்டத்தைக் கெடுக்காது. ஒருவர் மட்டும் தாங்கிக்கொண்டு நிற்பதைவிட, குழுவே உஷாராவது ஆடவும் சுவையாக இருக்கும்.

இன்னொன்று, கழிமுகத்திலேயே வாழும் இனத்துக்கு நீச்சல் வேகமே இல்லை. இப்போதைய பக்கத்தின்படி இவர்கள் தண்ணீரில் பாதி வேகத்தில்தான் போக முடியும். 30 அடி நீச்சல் வேகமும், பல்லி மனிதர்களுக்கு இருப்பது போல 15 நிமிடம் மூச்சடக்கும் திறனும் கொடுங்கள். இவை உடம்போடு வருபவை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வானிலை சொல்வது, வலை பின்னுவது, படகு ஓட்டுவது எல்லாம் வளர்ப்பில் வருபவை. அவற்றைத் தனியாக எழுதுங்கள். கரையில் வளராமல் சந்தையில் வளர்ந்த கழிமுகத்தார், வாடைக் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவராக இருக்கலாம். அவர் அந்த இடத்தில் வேறு திறமையை எடுத்துக்கொள்ளட்டும். மொழியில், கொச்சை என்ற வரியை நீக்கிவிட்டுக் கூடுதலாக இரண்டு மொழிகள் கொடுங்கள். துறைமுகத்துச் சனங்கள் பல மொழி பேசுவது இயல்பு.

எதிரியைக் கண்டதும் பாயும் அந்தத் திறனுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களிலும் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊரே சேர்ந்து முறை வைத்துக்கொள்வார்கள். இதை அப்படியே திறனாக்கலாம். சண்டை தொடங்க எல்லோரும் இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்ற ரோல்) போட்டதும், கழிமுகத்தார் ஒருவர் சம்மதிக்கும் தோழரோடு தன் முறையை மாற்றிக்கொள்ளலாம். 2024 பதிப்பில் ஒரு ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) இதையே செய்கிறது, அதனால் சமநிலை பற்றிய பயம் வேண்டாம். அதிகம் என்று தோன்றினால் லாங் ரெஸ்ட்டுக்கு (கேரக்டரின் நீண்ட ஓய்வு) ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம்.

மாற்றி எழுதிய பக்கத்தை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கேம்பெயின் தொடங்கும் முன், மூன்றாம் லெவல் கேரக்டர்களை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரு நாள் ஆடிப் பார்க்கலாம். அன்றைக்கு எண்ணூர், காசிமேட்டுப் பிள்ளைகளையும் மேஜைக்குக் கூப்பிடுங்கள். எண்களில் எது கூட, எது குறைய என்று அவர்களோடு பேசித் திருத்த நான் தயார். அறிவு −2, விஷ எதிர்ப்பு இரண்டையும் மட்டும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேஜையில் ஆடும் திருவொற்றியூர்க்காரன்