எடைக்காகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள புதன்கிழமைக்காரர்களுக்கு,

பாய்மரப் படகில் என்னோடு வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றி மடல் எழுதி, அனாபொலிஸ் படகுத்துறையிலேயே கையில் கொடுத்துவிட்டேன். இது வேறு மடல். புதன்கிழமையானால் நான்கு மணிக்கே அலுவலகத்தை விட்டுக் கிளம்பி, இரவு பத்து மணிக்கு ஈர உடையோடு வீடு திரும்புகிறாளே, இவள் எங்கேதான் போகிறாள் என்று கேட்டு அலுத்துப்போன நம் ஊர்க்காரர்களுக்கும், எதுவும் கேட்காமல் என் மகனுக்குச் சோறு போட்டவர்களுக்கும் சேர்த்துத் தமிழில் எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார்கள். எங்கள் கேப்டன் கோபித்தே கொள்வார்.

போகிற இடம் இதுதான். மேரிலாந்தில், செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கிற இடத்தில், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை புதன்கிழமை மாலைகளில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அனாபொலிஸ் யாட் கிளப் 1959 முதல் நடத்திவரும் போட்டி. நூறு படகுகளுக்கு மேல் வரும். பெரும்பாலும் முடிவுக்கோடு ஸ்பா க்ரீக் என்ற குறுகலான ஓடைக்குள், கிளப் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கும். அத்தனை படகும் பாயை விரித்தபடி அந்தச் சந்துக்குள் நுழைவதைப் பார்க்க, கரையில் தேர் பார்க்கிற கூட்டம் நிற்கும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு வசதி இருக்கலாம். ஆனால் படகை ஓட்டப் பணம் போதாது, ஆள் வேண்டும். எங்கள் படகு ஜே/24 வகை. கனெக்டிகட்டில் ராட் ஜான்ஸ்டோன் என்பவர் தம் வீட்டு கராஜில் முதல் படகைக் கட்டினார். 1977இல் விற்பனைக்கு வந்து, இதுவரை 5,000க்கும் அதிகமாகக் கட்டப்பட்டுவிட்டது. 24 அடிதான் நீளம். அதற்குள் ஐந்து பேர். வார நாளில், வேலை முடிந்த கையோடு, வாராவாரம் தவறாமல் வருகிற ஐந்து பேரைப் பிடிப்பது கல்யாணத்துக்கு நல்ல சமையல்காரர் பிடிப்பதைவிடக் கடினம். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது.

சென்ற ஆண்டு மே மாதம், உடன் வேலை பார்க்கும் ஒருவர், "இன்று எங்கள் படகில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா?" என்றார். நான் தருமபுரிக்காரி. கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு படகில் ஏறியதில்லை, நீந்தவும் தெரியாது. இதையெல்லாம் சொன்னேன். "எடை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

பாயில் காற்று அடித்தால் படகு சாயும். சாய்ந்த படகு வேகமாக ஓடாது. காற்று வருகிற பக்கத்து விளிம்பில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டு, உடம்பையும் வெளியே சாய்த்தால் படகு நிமிரும். ஜே/24 விதிப்படி ஆட்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக்கூடாது. எங்கள் படகில் மற்ற நால்வரும் ஒல்லி. "எழுபத்தொரு கிலோ" என்றேன். அன்று மாலை படகில் அந்த எண்ணைக் கேட்டுக் கேப்டன் முகம் மலர்ந்ததுபோல, பிரசவ வார்டுக்கு வெளியே என் வாழ்வில் யார் முகமும் மலர்ந்ததில்லை.

கேப்டனுக்கு முதல் நன்றி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நீச்சல் தெரியாது என்று நான் சொன்ன அன்று அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஓர் உயிர்காப்பு அங்கியை எடுத்து எனக்கு மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தார். பிறகு தாமும் ஒன்றை மாட்டிக்கொண்டார். பார்த்த மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே. இது அந்தப் படகின் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மாலை வெயிலில் யாரும் அதைத் தொட்டதே இல்லை என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போய், இப்போது ஐம்பது மீட்டர் நீந்துகிறேன். ஐந்து பேரும் இன்னமும் அங்கியோடுதான் போகிறோம்.

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கிற தம்பிக்கு அடுத்த நன்றி. கல்லூரி மாணவன். முதல் சில வாரங்கள் எடையாக இருந்தேன், திரும்பும்போதெல்லாம் தலைக்கு மேல் வீசிவரும் பூமுக்கு, அதாவது பாயின் அடிக்கட்டைக்கு, குனிந்து அடுத்த விளிம்புக்குத் தவழ்ந்தேன். பிறகு நடுவில் கயிறு பார்க்கும் வேலையைத் தந்தார்கள். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, மிதவையைச் சுற்றும் நேரம், வண்ணப் பலூன்போல முன்னால் உப்பி நிற்கும் ஸ்பின்னேக்கர் பாயை இறக்க வேண்டும். அவன் கீழ் ஓரத்தைக் கையில் பிடித்த பிறகுதான் ஏற்றிய கயிற்றை நான் விட வேண்டும். முன்னதாகவே விட்டுவிட்டேன். பாய் முழுவதும் தண்ணீரில் விழுந்து, படகுக்கு அடியில் போய், மடிவலைபோல விரிந்து நின்றது. படகு பிரேக் போட்டாற்போல நின்றுவிட்டது. ஆறு படகுகள் எங்களைக் கடந்தன. ஒன்றிலிருந்து, "இறால் எத்தனை கிலோ?" என்று குரல் வந்தது. பாய் இப்படி நீரில் விழுந்தால் அங்கே எல்லாருக்கும் கிடைக்கிற கேலி அது. எனக்கு அன்று தெரியாது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவன் வண்ண டேப்போடு படகுத்துறைக்கு வந்தான், என்னையும் வரச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு கயிற்றையும் பிடித்து நிறுத்துகிற பூட்டிலும் ஒரு நிறம். பிறகு என் கண்ணைக் கட்டச் சொன்னான். "சிவப்பு?" கை போக வேண்டும். "நீலம்?" போக வேண்டும். ஒன்றரை மணி நேரம். எரிச்சலில் ஒரு முறை தமிழில் திட்டினேன், சிரித்தான். இப்போது அந்தப் பூட்டுகளைப் பார்க்க எனக்குக் கண் தேவையில்லை, அதனால் கண்ணை அவன் கைமேல் வைக்க முடிகிறது.

பாய் இழுக்கிற இருவருக்கும் ஜூலைக்காக நன்றி. செசபீக்கில் கோடை மாலைகளில் இரண்டில் ஒன்று நடக்கும். இடியோடு மழை துரத்தும், இல்லையென்றால் காற்று செத்துப்போகும். அன்று செத்தது. பாய் துவைத்துப் போட்ட வேட்டியாகத் தொங்கியது. தண்ணீருக்குள் சொறிமீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. நீரோட்டம் எல்லாப் படகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கேப்டன் குரலைத் தாழ்த்தி, "நங்கூரம்" என்றார். போட்டியில் நங்கூரம் போட விதி இடம் தருகிறது, பிறகு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் படகின் பார்வை படாத பக்கமாகச் சங்கிலியைச் சத்தமில்லாமல், கண்ணி கண்ணியாக இறக்கினோம். என் உள்ளங்கை வழியாகக் கயிறு நழுவி, தரையைத் தொட்டதும் தளர்ந்தது. பிறகு ஐந்து பேரும் பாயைச் சரிசெய்வதுபோல மும்முரமாக நடித்தோம். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். மற்றவர்கள் பின்னால் போனார்கள். என்னமோ நாங்கள் முன்னேறுவதுபோல இருந்தது. இருபது நிமிடம் கழித்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டுப் போட்ட கூச்சல் எதிர்க்கரைவரை கேட்டிருக்கும். அன்று மூன்றாம் இடம். இந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல இடம் அதுதான். ஒட்டுமொத்த வரிசையில் கடைசிக்கு முந்தைய இடத்தைக் கட்டிக் காக்கிறோம்.

போட்டி நடத்துகிற படகில் உட்காரும் தொண்டர்களை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. மணிக்கட்டு சுளுக்கிய வாரம் என்னை அங்கே அனுப்பினார்கள். ஆரம்பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று, ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது இறங்கும், பிறகு ஆரம்பம். கூடவே ஊதுகுழல். "ஒலியை நம்பாதே, கொடியைப் பார், கொடிதான் கணக்கு" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். ஒரு வகைப் படகுகள் கிளம்பியதும் அடுத்த வகை. முடிவில் மங்கிய வெளிச்சத்தில் பாய் எண்களை அவர் படிக்கப் படிக்க, நொடிக் கணக்கோடு நான் எழுதினேன். எல்லாரும் கரையேறிச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் அவர்கள் மிதவைகளை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழச்சி என்றதும் கேட்டமரான் என்ற சொல்லை நினைவூட்டியவரும் அந்தப் பெரியவர்தான். கட்டுமரம் கண்டவள் நானல்ல, எங்கள் ஊரில் கிணறுதான் என்று விளக்கினேன். பயனில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கட்டுமரம்!" என்று கையாட்டுகிறார். 'ட்டு' என்ற உச்சரிப்பு மட்டும் சுத்தமாக வருகிறது.

வீட்டுப் பக்கம். எதிர்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு கோடைகளாகப் புதன்தோறும் என் மகனைப் பள்ளி முடிந்ததும், விடுமுறையில் முகாம் முடிந்ததும் அழைத்துவந்து, இடியப்பமும் சொதியும் கொடுத்து, வீட்டுப்பாடமும் பார்த்துக்கொண்டார். "நீர் போயிட்டு வாரும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது என் சொதியைப் பையன் குறை சொல்கிறான். அக்கா, அதற்கும் நன்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதன் மாலைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிய மேலாளருக்கும், 50ஆம் எண் நெடுஞ்சாலையில் விரிகுடாப் பாலத்துக்குப் போகிற நெரிசலில் என்னை மாற்றுவழியில் கொண்டுபோய்ச் சேர்த்த தோழிக்கும் நன்றி. புதன்கிழமைச் சமையலை ஏற்றுக்கொண்ட கணவருக்கும் நன்றி. ரசம் நன்றாக வருகிறது. வேறு ஏதாவதும் முயலலாம்.

படகில் என் பங்குத் தின்பண்டத்தைப் பற்றிப் புகார் இருந்தது. காராபூந்தி காற்றில் பறந்து கேப்டன் கண்ணில் விழுந்தது. தட்டை காலடியில் நொறுங்கியது. கடலை மிட்டாய்தான் தாக்குப்பிடித்தது. பையில் அடங்கும், பறக்காது, நனைந்தாலும் தாங்கும். அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஊரிலிருந்து அனுப்பச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு கடன் பாக்கி. செப்டம்பரில் கடைசிப் போட்டி முடிந்து இருட்டில் சாமான் எடுத்தபோது யாருடைய கையுறையோ என் பைக்குள் வந்துவிட்டது. சாம்பல் நிறம், இடது கை, கட்டைவிரல் பக்கம் நீல நூலால் தைத்த தையல். துவைத்துக் காயவைத்திருக்கிறேன். உரியவர் சொல்லியனுப்புங்கள், ஏப்ரல் கடைசியில் போட்டி தொடங்குகிற முதல் புதன்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
நடுவில் கயிறு பார்ப்பவள்