கூட்டிப்போனால் எப்போது திரும்புவோம்?

நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும் வணக்கம்.

கேரளத்தில் 2018, 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில், வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபாக் காய்ச்சல் வந்தது. எல்லாமே மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான். அப்போதெல்லாம் நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல் எல்லைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறீர்கள். வயநாட்டில் சம்பந்தம் வைத்திருக்கும் பணியர் பழங்குடிக் குடும்பம் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தே வந்துவிடும். அவர்களைச் சாவடி நிறுத்தாது. செய்தி ஒன்றுதான் போய்ச் சேர முடியும். கூடலூர், பந்தலூர் பழங்குடி ஊர்களில் நோய்த் தகவல் கொண்டுபோகும் நாங்கள் அந்தச் செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

"காய்ச்சலை மறைக்கிறார்கள்" என்பது அலுவலகங்களில் எப்போதும் கேட்கும் புகார். அறிகுறி தெரியாமல் யாரும் மறைப்பதில்லை. சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் மறைக்கிறார்கள். "அறிகுறி இருந்தால் உடனே தெரிவியுங்கள்" என்பதோடு நோட்டீஸ் நின்றுவிடுகிறது. எந்த வண்டி வரும், கூடலூருக்கா ஊட்டிக்கா, துணைக்கு யார் வரலாம், எத்தனை நாள், அதுவரை பிள்ளைக்கும் ஆட்டுக்கும் யார் பொறுப்பு, போன கூலிக்கு என்ன வழி, செத்துப்போனால் உடல் ஊருக்கு வருமா? இவற்றுக்குப் பதில் இல்லாத நோட்டீஸை அச்சடிக்கவே வேண்டாம். கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். எல்லோரும் மனதுக்குள் கேட்பது அதைத்தான். கோவிட் உடல்களைப் பற்றி 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலே, பையை முகம்வரை திறந்து உறவினருக்குக் காட்டலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம் என்றது. அந்த ஒரு வரி ஊர்களுக்கு வந்திருந்தால் எத்தனையோ பேர் முதல் நாளே வண்டி ஏறியிருப்பார்கள்.

மொழிக்கு வருவோம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோருக்கு வீட்டில் தமிழ் இல்லை. மலையாள நோட்டீஸும் அவர்கள் வீட்டு மொழிக்கு ஈடாகாது. அந்தந்த ஊர்க்காரர் குரலில் பதிவு செய்யுங்கள்: ஒரு பதிவுக்கு ஒரே சேதி, 90 விநாடிக்கு மேல் வேண்டாம். வெளியிடுமுன் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்; ஐவரில் ஒரு பாட்டியாவது இருக்கட்டும். இரண்டு பேர் மாற்றிச் சொன்னால் பிழை பதிவில்தான், அவர்களிடம் இல்லை. "பாசிட்டிவ்" என்றால் நல்ல சேதி என்று எடுத்துக்கொள்வார்கள். "உடம்பில் கிருமி இருக்கிறது" என்றே சொல்லுங்கள். "தனிமைப்படுத்துதல்" ஊரை விட்டுத் தள்ளிவைப்பதுபோல் ஒலிக்கிறது. ஒரே அறை வீட்டில் அதற்கு அர்த்தமும் கிடையாது. நிபா நோயாளியோடு நெருங்கிப் பழகியவரை 21 நாள் கண்காணிக்க வேண்டுமென்றால், அங்கன்வாடியையோ சமுதாயக்கூடத்தையோ அரிசி பருப்போடு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லைப் பேசலாம்.

சிக்னல் இல்லாத ஊருக்கு வாட்ஸ்அப் போகாது. மெமரி கார்டில் ஏற்றி, ப்ளூடூத்தில் கைமாற்ற வேண்டும். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக் காலை பத்து மணிக்கு வருவது வீண், எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். இருட்டிய பிறகு கூட்டம் போடவும் கூடாது. வழியில் யானை நிற்கும். ஞாயிறு காலைதான் தோது.

இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது சிக்கிள் செல் சோகை, பரம்பரையாக வரும் ரத்த நோய். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இது இருக்கிறது. இவர்களுக்கு "காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு மூன்று நாள் பாருங்கள்" என்ற பொது அறிவுரை ஆபத்தானது. காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனை என்று தனிப் பதிவு வேண்டும். ஊரடங்கு வரும் என்று தெரிந்ததும் அந்த நோய்க்கான ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் அமில மாத்திரைகளை இரண்டு மாதத்துக்குக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரைக் கொடுக்கும்போது அதன் பொய்களையும் சொல்லிக் கொடுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணி இருந்தாலோ குறைத்துக் காட்டலாம். தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் நம் ஊர்களில் அந்தப் பிழை ஆளைக் கொல்லும். 94-க்குக் குறைந்தால் அனுப்பு என்பதோடு நிறுத்தாமல், 95 காட்டினாலும் மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டால் அனுப்பு என்று சேர்க்க வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவதில்தான் தவறு நேர்கிறது.

நிபாவுக்கு "பழம் தின்னாதே" என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. வௌவால் கடித்ததை எறி, மற்றதைக் கழுவித் தோலுரித்துத் தின்னு, அவ்வளவுதான். மரத்துக்குப் புகைபோட்டு வௌவாலை விரட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நோய் பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்கு, அதுவும் மருத்துவமனைகளில்தான் பரவியது. ஆகவே நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு முகக்கவசமும் சோப்பும் கொடுப்பதுதான் பெரிய வேலை.

எல்லை விஷயம் ஒன்று. சுகாதார உதவிக்கு அழைக்கும் எண் இங்கே 104, கேரளத்தில் திசா 1056. வயநாட்டு டவர் பிடித்தால் 108 ஆம்புலன்ஸ் அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். வயநாடு, மலப்புறம் மாவட்டங்களோடு பேசி, இரு பக்கமும் ஒரே பதிவு, ஒரே நாள்கணக்கு என்று முடிவு செய்யுங்கள். மச்சினன் ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றும் கேட்டால் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

இடுக்கியில் முதுவர் வாழும் இடமலக்குடிக்கு 2021 ஜூலைவரை கோவிட் வரவில்லை. வெளியாள் வரத்தை அவர்களே தடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்த் தலைவர்களான மூப்பன்மாரையும் அறிவிப்பு அச்சான பிறகு கையெழுத்துக்கு அழைக்காமல், வாசகம் எழுதும் நாளிலேயே கூப்பிடுங்கள். அடுத்த மே வருவதற்குள் இந்த மொழிப் பதிவுகளெல்லாம் தயாராக வேண்டுமானால் பிப்ரவரியிலேயே உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் வட்டப் பழங்குடி ஊர்களின் சுகாதாரப் பணியாளர்கள்