இருட்டை டிஐயில் வரவழைக்க முடியாது

அன்புடையீர்,

திரைப்படக் கல்லூரிகளில் ஒளிப்பதிவு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஊர்களில் திரைப்படக் கழகம் நடத்துவோருக்கும் இதை எழுதுகிறோம். ஃபிலிம் நுவாரை, அதாவது 1940, 50களில் அமெரிக்காவில் வந்த நிழல் மிகுந்த குற்றப்படங்களின் பாணியை, நீங்கள் பாடமாக வைப்பதும் திரையிடுவதும் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த உரிமையில்தான் குறையையும் சொல்கிறோம்.

நுவார் என்று பெயரிட்டு வரும் மாணவர் குறும்படங்கள் பலவற்றில் ஒரே கோளாறைப் பார்க்கிறோம். பெரிய எல்இடி பேனலை வைத்து அறை முழுக்க மெத்தென்று வெளிச்சம் பரப்பிப் படமெடுக்கிறார்கள். பிறகு டிஐயில் (படமெடுத்தபின் கணினியில் நிறத்தையும் ஒளியையும் திருத்தும் கட்டத்தில்) நிறத்தை உருவி, பிரைட்னஸை இறக்குகிறார்கள். கிடைப்பது சாம்பல் பூசிய படம். அதில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. நிழல் விழாத இடத்தில் பிற்பாடு நிறத்தையும் பிரைட்னஸையும் திருத்தி நிழலை உண்டாக்க முடியாது.

1940களில் ஹாலிவுட் வெகுவாகப் பயன்படுத்திய ஈஸ்ட்மன் பிளஸ்-எக்ஸ் நெகட்டிவின் வேகம் (ஒளியை உணரும் திறன்) இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் நூறைத் தொடாது. அதில் இருட்டான காட்சி எடுக்கவும் ஏராளமான வெளிச்சம் வேண்டும். 750 வாட் ‘பேபி’, 2,000 வாட் ‘ஜூனியர்’, 5,000 வாட் ‘சீனியர்’ என்று ஃப்ரெனல் விளக்குகளைத்தான் (வளைய வளையமான லென்ஸ் வழியே ஒளியைக் குவிப்பவை) அங்கே புழங்கினார்கள். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் உக்கிரம். கீ லைட்டை (முதன்மை விளக்கை) வைத்துவிட்டு, நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை அணைத்துவிடுவதுதான் அடிப்படை வேலை. சாதாரணக் காட்சியில் முகத்தின் வெளிச்சப் பக்கம் நிழல் பக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்கும். நுவாரில் அது எட்டு, பதினாறு மடங்கு வரை போகும், அதாவது மூன்று, நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

ஆகவே பயிற்சியை இப்படி வையுங்கள். முதலில் கீ லைட் ஒன்றை மட்டும் போட்டு, முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் வையுங்கள். அதைக் குறைத்து எடுக்க விடாதீர்கள். பிறகு டிஐயில் வெளிச்சத்தைத் தூக்கும்போது புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் மிஞ்சும். அடுத்து நிழல் பக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். ஃபில் லைட்டே இல்லாமலும் வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான் வருகிறது என்றால், குற்றவாளி எதிர்ச்சுவர். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் ஒளியைத் திருப்பி அடிக்க வைக்கும் பெரிய தெர்மாகோல் பலகை மாதிரி வேலை செய்யும். நடிகரின் நிழல் பக்கத்தில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தால் மாற்றம் தெரியும். மேல்கூரையையும் மறக்க வேண்டாம்.

ஜன்னல் பிளைண்ட்ஸின் (பட்டைப் பட்டையான மறைப்பின்) கோடு கோடான நிழல் இந்தப் பாணியின் முத்திரையாகிவிட்டது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அதில்தான். கணக்கு எளிது. விளக்கின் அகலத்தை, பிளைண்ட்ஸிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பிளைண்ட்ஸ் வரையுள்ள தூரத்தால் வகுத்தால், நிழலின் விளிம்பு எத்தனை அகலத்துக்குக் கலங்கும் என்று தெரிந்துவிடும். சுவருக்கும் பிளைண்ட்ஸுக்கும் 1 மீட்டர், பிளைண்ட்ஸுக்கும் விளக்குக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. பேனல் என்றால் கலங்கல் 20 செ.மீ. பட்டைகளின் இடைவெளியோ 5 செ.மீ.; சுவரில் விழும்போது ஏறக்குறைய 6.7 செ.மீ. கோடு விழ வழியே இல்லை. 15 செ.மீ. லென்ஸ் முழுதும் ஒளிரும் ஃப்ரெனல் என்றால் கலங்கல் 5 செ.மீ.; கோடு தெரியும், ஆனால் சோகையாக இருக்கும். அதே விளக்கை 6 மீட்டருக்குத் தள்ளினால் 2.5 செ.மீ. ஆகிக் கோடு எழுந்து நிற்கும். அப்போது சுவருக்கு மொத்தத் தூரம் 4 மீட்டரிலிருந்து 7 ஆவதால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பெரிய வாட் விளக்கு எதற்கு என்பது இங்கேதான் மாணவர்களுக்கு உறைக்கும். உங்களிடம் பெரிய விளக்கு இல்லையென்றால், ரிஃப்ளெக்டரைக் கழற்றிய சிஓபி எல்இடி (ஒளி முழுதும் ஒரு சிறு சில்லிலிருந்து வரும் விளக்கு) போதும். ஒளிரும் பகுதி 3 செ.மீ. என்றால் 3 மீட்டரிலேயே கலங்கல் 1 செ.மீ.தான். இன்னொன்று: ஃப்ரெனலை ஸ்பாட்டில் (ஒளியைக் குவிக்கும் நிலையில்) வைத்தால் நிழல் கூர்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு மாறானது. ஸ்பாட்டில் லென்ஸ் முழுவதும் விளக்காகிவிடுகிறது. ஒளியை விரிக்கும் ஃப்ளட்டில்தான் விளிம்பு கூர்மை.

‘டபுள் இண்டெம்னிட்டி’யில் (1944) ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்தக் கோடுகளோடு நிற்கவில்லை. அலுமினியத் துகளைக் காற்றில் ஊதி, வீட்டுக்குள் மிதக்கும் தூசியை வெளிச்சத்தில் தெரியவைத்தார். புகைக்கும் தூசிக்கும் விதி ஒன்றுதான்: விளக்கு பின்னாலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் புகை வெள்ளைத் திரையாகிக் கறுப்பைத் தின்றுவிடும். ‘தி பிக் காம்போ’வின் (1955) கடைசிக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திக் காட்டுங்கள். மூடுபனி, பின்னாலிருந்து வரும் வெளிச்சம், இரண்டு நிழலுருவங்கள், அவ்வளவே. நனைத்த தெருவும் இப்படித்தான். கேமரா பக்கத்திலிருந்து விளக்குப் போட்டால் ஈரத் தார் வெறும் கறுப்பு. எதிரே இருந்து போட்டால்தான் தரை மின்னும்.

வரலாற்றுப் பாடத்துக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் (நிழலையும் கோணலையும் மிகையாகக் காட்டிய 1920களின் பாணி) கப்பலேறி அமெரிக்கா வந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இயக்குநர்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு: ஃப்ரிட்ஸ் லாங், சியோட்மாக், வைல்டர் எல்லாரும் பெர்லினில் வேலை பார்த்தவர்கள். ஒளி அமைத்தவர்களைப் பாருங்கள். சைட்ஸ் சிகாகோக்காரர். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) எடுத்த ஆர்தர் எடீசன் நியூயார்க்கில் பிறந்தவர். பத்தாண்டு முன்பு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தவரும் அவரே. ‘டி-மென்’ (1947) எடுத்த ஜான் ஆல்டன் ஹங்கேரியில் பிறந்தவர். விளக்கு வைக்கும் முறையை 1949இல் ‘பெயின்டிங் வித் லைட்’ என்று புத்தகமாகவே எழுதினார். ஜெர்மன் நிழலில் ஒரு பங்கு ஹாலிவுட்டின் திகில் படங்கள் வழியாகச் சுற்றி வந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

போரையும் சொல்லுங்கள். 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், ஒரு படத்தின் செட்டுக்கான புதிய பொருட்களுக்கு 5,000 டாலர் என்று வரம்பு கட்டியது. பழைய செட்டையே திரும்பப் பயன்படுத்தும்போது, அடையாளம் தெரியாமல் மறைக்க நிழல் கைகொடுத்தது. ஆனால் சிக்கனமே நுவாரைப் பெற்றது என்றும் சொல்லிவிடாதீர்கள்; ‘டபுள் இண்டெம்னிட்டி’ பாரமவுண்டின் பெரிய தயாரிப்பு. கதைகள் ‘பிளாக் மாஸ்க்’ போன்ற மலிவுத் தாள் இதழ்களிலிருந்தும் ஹாமெட், செண்ட்லர், கெய்ன் நாவல்களிலிருந்தும் வந்தன. பெயர் மட்டும் பாரிஸில் பிறந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் வராமல் கிடந்த அமெரிக்கப் படங்கள் 1946 கோடையில் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வெளியாக, அந்த ஆகஸ்டில் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றை ‘ஃபிலிம் நுவார்’ என்று எழுதினார். போருக்கு முன்பே சில பிரெஞ்சுப் படங்களை அங்குள்ள பத்திரிகைகள் அப்படி அழைத்ததுண்டு. எடுத்தவர்களோ குற்றப்படம், மெலோடிராமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் ‘நுவாரின் விதிகள்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பது தவறான பாடம்.

திரைப்படக் கழகத்தாருக்குத் தனியாகச் சில வார்த்தை. ‘டீடூர்’ (1945), ‘டி.ஓ.ஏ.’ (1950) போன்றவை அமெரிக்காவில் காப்புரிமை தீர்ந்த படங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைப்பதைப் போட்டுவிடுகிறோம். அவற்றில் பல, நகலின் நகல். நிழலுக்குள் இருக்கும் முகம் கரித்துண்டாகிவிடுகிறது. நுவார் என்றால் இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று பார்வையாளர் நம்பிப் போகிறார். ‘டீடூர்’ 2018இல் 4கே தரத்தில் சீரமைக்கப்பட்டிருக்கிறது, அதைத் தேடிப் போடுங்கள். பாடல் இல்லாமல் 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்துக்கும் இதே அக்கறை வேண்டும்.

இந்தப் படங்களின் சட்டகம் (அகல உயர விகிதம்) 1.37:1. திரையின் இரு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். அகலத் திரையை நிரப்ப இழுத்தால் முகம் வீங்கும், வெட்டினால் தலையும் தரையும் போகும். புரொஜெக்டரில் மோஷன் ஸ்மூதிங்கையும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணையுங்கள். எச்டிஎம்ஐ அமைப்பில் பிளேயரும் புரொஜெக்டரும் ஒரே ரேஞ்சில் (கறுப்பு முதல் வெள்ளை வரையுள்ள எண் எல்லையில்: லிமிடெட் அல்லது ஃபுல்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளேயர் லிமிடெட் அனுப்ப, புரொஜெக்டர் ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு வெளுத்துவிடும். மாறி இருந்தால் நிழலில் உள்ளதெல்லாம் அமுங்கிவிடும். திரையரங்குத் தரத்தில் வெள்ளையின் பிரகாசம் 48 நிட் (நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அலகு). கதவிடுக்கிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் சிந்தும் வெளிச்சம் திரையில் 1 நிட் சேர்த்தாலே, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஐம்பது மடங்குக்குள் சுருங்கிவிடும். காட்சிக்கு அரைமணி நேரம் முன்னால் விளக்கையெல்லாம் அணைத்து, புரொஜெக்டர் லென்ஸையும் மூடிவிட்டு, கண் பழகியதும் திரையைப் பாருங்கள். திரையின் விளிம்பு துலக்கமாகத் தெரிந்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் கறுப்புத் துணியால் அடையுங்கள்.

அன்புடன்,
கறுப்பு வெள்ளைப் படங்களை நேசிக்கும் ஒளிப்பதிவாளர்கள் சிலர்